மலைநாட்டில் கோழிமுட்டைகளைப் பொரிக்க வைத்தல்

நீலகிரி, பழனி, சேர்வராயன் முதலிய மலைகளில் நிலம் வைத்துப் பயிரிடும் குடியானவர்களுக்குக் கோழிவளர்ப்பு ஒரு நல்ல உபதொழிலாகும். உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் விளையும் பாத்திகளுக்குக் கோழியெருவைப் போன்ற எரு வேறு சிலவே உண்டு. வீட்டுப் பெண்மக்களின் கைச்செலவுக்கு முட்டைப் பணம் உதவுகின்றது. ஆயினும் இத்தொழிலைத் தொடங்கிய பலர் சில வருஷங்களில் அதைக் கைவிட்டுவிடுகின்றனர். அதற்கு அவர்கள் கூறும் காரணம், “மலையில் முட்டை பொரிப்பதில்லை” என்பதே.

இக்குறை முற்றிலும் கற்பனையன்று. கீழ்நாட்டில் நன்றாகப் பொரிக்கும் முட்டைகளையே மலைமேல் கொண்டுவந்து, கீழ்நாட்டில் வைக்கும் முறைப்படியே பெட்டியில் வைத்தால், பொரிக்கும் குஞ்சுகளின் தொகை குறைந்துவிடுகின்றது. உயரம் கூடக் கூடக் குறைவும் கூடுகின்றது. ஏறக்குறைய 3,500 அடி உயரம் வரையில் இது பெரிதாகத் தோன்றுவதில்லை. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரிகின்றது. முட்டையைக் கொடுத்தவன் பழைய முட்டையைக் கொடுத்து ஏமாற்றினான் என்று ஒருவர் சொல்லுவர். கோழி சரியாக அடை உட்காரவில்லை என்று மற்றொருவர் சொல்லுவர். கண்ணேறு பட்டது என்பாரும் உண்டு. உண்மையான காரணங்கள் இரண்டு. அவ்விரண்டும் மலைக்காற்றின் இயல்பைப் பற்றியவை. அவற்றை அறிந்து நடப்பவருக்கு மலையிலும் முட்டை பொரிக்கும். எங்ஙனமென்பது கீழே விவரிக்கப்படுகின்றது.

பழைய அனுபவம்

உயர்ந்த மலைகளில் கோழி விருத்தியாகாமை உலகத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். தென் அமெரிக்காவில் பெரு தேசத்தை வென்ற ஸ்பானியர்கள், 1534-ம் வருஷத்தில் ஆண்டிஸ் மலைமேல் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஹௌஹா என்னும் ஊரைத் தங்கள் தலைநகராக அமைத்தனர். தாங்கள் கடல்வழியாகக் கொண்டுவந்த குதிரைகளும் பன்றிகளும் கோழிகளும் அங்கே இனம் பெருகாமை கண்டு மனம் சோர்ந்தனர். மறுவருஷம், 1535-ல், தலைநகரம் கடற்கரையை அடுத்த லிமா என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்திற்கு எடுத்துக்காட்டப்பட்ட காரணங்களில் இக்கால்நடைகளும் கோழிகளும் விருத்தியாகாமையும் ஒன்றாகும்.

ஆயினும் இன்று அதே ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் குடியானவர் வீடுதோறும் கோழிகள் மேய்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிழைத்து, அங்கேயே பொரித்த கோழிகளின் வமிசம் அம்மலைக்குப் பழகிவிட்டது. இதனைச் சோதனையால் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார். அவர்கள் 1950-ம் வருஷத்தில் வெண்மலை என்னும் மலைமேல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். அதன் மேல்நிலையம் ஏறக்குறைய 12,500 அடி உயரத்தில் உள்ளது. அங்கே கொண்டுபோன கோழிகளின் முட்டைகளில் முதலில் மிகச் சிலவே பொரித்தன. அச்சிலவற்றையே வளர்த்து, அவற்றின் முட்டைகளையே மீண்டும் மீண்டும் பொரிக்கவைத்துத் தலைமுறைகளைத் தேர்ந்தெடுத்து வந்தபோது, பொரிக்கும் தொகை உயர்ந்து வந்தது. நம் மலைகள் அவ்வளவு உயர்ந்தவையல்ல. உதகமண்டலம் ஏறக்குறைய 7,350 அடி உயரமே. ஆகவே நம் குடியானவர்களின் சிரமமும் அவ்வளவு பெரியதன்று.

முட்டை மூச்சு விடுகின்றது

முட்டையோடு உறுதியாகவும் அடைப்பாகவும் நம் கண்ணுக்குத் தோன்றினும், அதில் ஏறக்குறைய 10,000 நுண்ணிய துவாரங்கள் உள்ளன. இத்துவாரங்களின் வழியாகவே உள்ளிருக்கும் கரு மூச்சு விடுகின்றது. 60 கிராம் எடையுள்ள ஒரு கோழிமுட்டை, 21 நாள் அடைகாலத்தில், ஏறக்குறைய 6 லிட்டர் பிராணவாயுவை உட்கொண்டு, 4½ லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகின்றதென்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர்.

இவ்வாறு நீராவி வெளியேறுவதால் முட்டையின் எடை நாள்தோறும் சிறிது குறைந்துகொண்டே வருகின்றது. இது கேடன்று, அவசியமானது. வெளியேறிய நீரின் இடத்தைக் காற்று நிரப்ப, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகின்றது. பத்தொன்பதாம் அல்லது இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் அந்தக் காற்றறையைத் துளைத்து, முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகின்றது. காற்றறை சிறியதாயிருந்தால் குஞ்சு ஈரத்தில் மூழ்கி இறக்கும். காற்றறை அளவுக்கு மேல் பெரிதாயிருந்தால், நீர் வற்றிப்போய்க் குஞ்சு சவ்வோடு ஒட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் இறக்கும். அடைவைத்த 18 நாளில் முட்டை தன் முதல் எடையில் நூற்றுக்கு 11 முதல் 13 பங்கு வரையில் குறைவதே சரியான அளவாகும்.

உயரத்தால் விளையும் இரண்டு தீங்குகள்

நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஓர் அழுத்தம் உண்டு. கடல்மட்டத்தில் அது பாரமானியில் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கி நிற்கின்றது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, அழுத்தம் குறைகின்றது. ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில் அது 634 மில்லிமீட்டர் அளவினது, 6,000 அடி உயரத்திலுள்ள குன்னூரில் 608, 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் 587, உதகமண்டலத்தில் 580. சுருங்கக் கூறின், உதகமண்டலத்துக் காற்று கடற்கரைக் காற்றில் நான்கில் மூன்று பங்கே அடர்த்தியுடையது.

இதனால் உண்டாகும் முதல் தீங்கு பிராணவாயுக் குறைவு. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு என்னும் விகிதம் மலையிலும் மாறுவதில்லை. ஆனால் காற்றே மெலிந்திருப்பதால் கருவுக்குக் கிடைப்பது குறைகின்றது. உதகமண்டலத்தில் கரு மூச்சு விடுவது, கடற்கரையில் நூற்றுக்கு 16 பங்கு மட்டுமே பிராணவாயுவுள்ள காற்றில் மூச்சு விடுவதற்குச் சமானம்.  இரத்தக் குழாய்கள் உருவாகும் முதல் வாரத்திலும், குஞ்சு முழு வளர்ச்சியுற்று ஓட்டை உடைக்க முயலும் கடைசி மூன்று நாட்களிலுமே அது உயிருக்கு ஆபத்தாகின்றது.

இரண்டாம் தீங்கு அளவுக்கு மிஞ்சிய உலர்தல். காற்று மெலிந்திருக்கும் இடத்தில் நீராவி ஓட்டின் துவாரங்களின் வழியாக அதிக வேகத்தில் வெளியேறுகின்றது. அழுத்தம் எவ்வளவு குறைகின்றதோ, அதற்கு ஏற்றாற்போல் வேகம் கூடுகின்றது. பெட்டியினுள் ஈரம் கீழ்நாட்டில் இருந்த அளவே இருக்குமானால், கடற்கரையில் நூற்றுக்கு 12 பங்கு எடை குறையும் முட்டை, ஏற்காட்டில் 14½ பங்கும், குன்னூரில் 15 பங்கும், உதகமண்டலத்தில் ஏறக்குறைய 16 பங்கும் குறைந்துவிடும். இது குஞ்சு தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்டதாகும்.

இவ்விரண்டினுள் நம் மலைகளில் முதலில் திருத்தத்தக்கது உலர்தலே. துவாரங்களின் வழியாக நீராவி எளிதில் வெளியேறுவதுபோலப் பிராணவாயுவும் எளிதில் உட்புகுகின்றது. ஆதலால் காற்றின் மெலிவால் வரும் நஷ்டத்தில் ஒரு பகுதி தானே ஈடாகிவிடுகின்றது. உலர்தலுக்கு அத்தகைய ஈடு ஒன்றும் இல்லை. குடியானவரே அதைச் செய்தல் வேண்டும். அதற்குத் தேவையானவை தண்ணீரும் ஒரு தராசும் மட்டுமே.

பனிமூட்டம் பெட்டிக்கு ஈரமாகாது

“வெளியே எப்பொழுதும் மேகமும் பனியும் மூடிக்கிடக்க, பெட்டிக்கு வேறு தண்ணீர் எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி நியாயம்போல் தோன்றினும் தவறானது. குளிர்ந்த காற்று மிகச் சிறிதளவு நீராவியையே தாங்கவல்லது. 50 டிகிரி பாரன்ஹீட் குளிரில் பனிமூட்டமாயிருக்கும் காற்று, அந்நிலையில் நூற்றுக்கு நூறு ஈரமுடையதே. ஆனால் அதே காற்று பெட்டியினுள் புகுந்து 100 டிகிரிக்குச் சூடேறும்போது, அதன் ஈரம் நூற்றுக்கு 19 பங்காகக் குறைந்துவிடுகின்றது. சென்னையைப் போன்ற கடற்கரை ஊரின் புழுக்கமான காற்றைச் சூடாக்கினாலோ அதில் ஏறக்குறைய பாதி ஈரம் மிஞ்சியிருக்கும். ஆகவே, கண்ணுக்கு ஈரமாகத் தோன்றும் மலைக்காற்றே பெட்டிக்குள் வறண்ட காற்றாகின்றது.

கீழ்நாட்டில் முதல் 18 நாட்களுக்குப் பெட்டியில் நூற்றுக்கு 55 பங்கு ஈரம் போதுமென்று கொண்டால், அதே அளவு எடைக்குறைவைப் பெற ஏற்காட்டில் 62, குன்னூரில் 64, உதகமண்டலத்தில் 66 பங்கு அளவு ஈரம் வேண்டியிருக்கும். பெட்டியோடு வரும் தண்ணீர்த் தட்டு கீழ்நாட்டை எண்ணிச் செய்யப்பட்டதாகையால் பெரும்பாலும் இதற்குப் போதாது. தட்டின் ஆழம் ஈரத்தைக் கூட்டுவதில்லை. நீர்ப்பரப்பின் அகலமே கூட்டுகின்றது. ஆகவே அகன்ற தட்டு ஒன்றை வைக்க வேண்டும்; அல்லது இரண்டாவது தட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தட்டில் சுத்தமான துணித்துண்டையோ பஞ்சையோ பாதி மூழ்கவும் பாதி வெளியே நிற்கவும் வைத்தால் நீர் அதிகமாக ஆவியாகும். ஊற்றும் நீர் வெதுவெதுப்பாயிருத்தல் நலம். குளிர்ந்த நீரை ஊற்றினால் பெட்டியின் உஷ்ணம் தாழ்ந்துவிடும். கடைசி மூன்று நாட்களில் ஈரத்தை நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு வரையில் உயர்த்துதல் வேண்டும்.

தராசின் உபயோகம்

ஈரமானி இல்லாத வீடுகளே மிகுதி. இருப்பினும் அது பழுதாகியிருத்தல் கூடும். ஆனால் எடை பொய் சொல்லாது. முட்டை எவ்வளவு உலர்ந்தது என்பதை முட்டையையே நிறுத்து அறிவதே யாவற்றினும் நம்பத்தகுந்த முறையாகும். மளிகைக் கடைகளில் காணப்படும் சிறிய மின்தராசு ஒன்று இதற்குப் போதும்.

உதாரணமாக, ஒரு தட்டில் 30 முட்டைகள் வைக்கப்பட்டு, அவற்றின் எடை 1,500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 நாளில் நூற்றுக்கு 12 பங்கு, அதாவது 180 கிராம், குறைதல் வேண்டும். எடை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைவதால், ஆறு நாளைக்கு 60 கிராம் ஆகின்றது. ஆகவே ஆறாம் நாள் 1,440 கிராமும், பன்னிரண்டாம் நாள் 1,380 கிராமும், பதினெட்டாம் நாள் 1,320 கிராமும் நிற்றல் வேண்டும். ஆறாம் நாள் நிறுத்தபோது 1,422 கிராமே நின்றதானால், முட்டைகள் அளவுக்கு மேல் உலர்கின்றன. நீர்ப்பரப்பை உடனே அகலப்படுத்த வேண்டும். 1,455 கிராம் நின்றதானால், ஈரம் மிகுதி. தட்டைச் சிறிது மூடலாம். ஆறாம் நாளில் கண்ட பிழையைப் பன்னிரண்டாம் நாளுக்குள் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. பதினெட்டாம் நாளில்தான் கண்டால் திருத்த வழியில்லை. எனவே ஆறு நாளுக்கு ஒருமுறை நிறுத்தல் இன்றியமையாதது.

இதில் ஒரு சிறு எச்சரிக்கை. ஏழாம் நாளில் விளக்கொளியில் பார்த்துக் கருவில்லாத முட்டைகளை நீக்குவது வழக்கம். அங்ஙனம் நீக்கியபின் மிஞ்சிய முட்டைகளை மறுபடி நிறுத்து, அவ்வெடையிலிருந்து கணக்கைத் தொடர வேண்டும். வெறுந்தட்டின் எடையைத் தனியே குறித்துக்கொள்ளுதலும் அவசியம்.

காற்றுத் துவாரங்கள்

ஈரத்தைக் காப்பாற்றும் பொருட்டுப் பெட்டியின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடுதல் பலர் செய்யும் பிழை. அதனால் ஈரம் நிற்குமேனும், ஏற்கெனவே மெலிந்த காற்றில் பிராணவாயு மேலும் குறைந்து, முட்டைகள் விடும் கரியமில வாயுவும் உள்ளேயே தேங்கிவிடுகின்றது. துவாரங்களை அடைத்து ஈரம் சேர்த்தல் ஒரு தீங்கை நீக்க மற்றொரு தீங்கை அழைப்பதாகும். துவாரங்களைத் திறந்தே வைத்து, நீர்ப்பரப்பை அகலப்படுத்தி ஈரம் சேர்த்தலே சரியான முறை. முதல் வாரத்தில் துவாரங்கள் பாதி திறந்திருந்தாலும், பதினெட்டாம் நாள் முதல் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பெட்டி கொள்ளும் அளவுக்கு முட்டைகளை நெருக்கி அடுக்காமல், நான்கில் மூன்று பங்கே வைத்தால் ஒவ்வொரு கருவுக்கும் கிடைக்கும் காற்று மிகும்.

பெட்டி வைக்கப்பட்ட அறையின் காற்றும் முக்கியமானது. குளிர்காலத்தில் மலைவீடுகளில் கதவு ஜன்னல்களை அடைத்து, கணப்புச்சட்டியில் கரி மூட்டிக் குளிர்காயும் வழக்கம் உண்டு. அத்தகைய அறையில் பெட்டியை ஒருபோதும் வைத்தலாகாது. எரியும் கரி அறையிலுள்ள பிராணவாயுவைச் செலவழிப்பதோடு விஷவாயுவையும் உண்டாக்குகின்றது. அது முட்டையிலுள்ள கருவை மட்டுமன்றி அங்கே உறங்கும் மனிதரையும் கொல்லவல்லது. சமையலறைச் சுவருக்கு மறுபுறத்தில், நேரான குளிர்காற்று வீசாததும் காற்றோட்டம் உள்ளதுமான அறையே பெட்டிக்கு ஏற்றது.

மேல்நாட்டு மலைகளிலுள்ள பெரிய பொரிப்பகங்கள் சில, உருளையில் அடைத்த பிராணவாயுவைப் பெட்டிகளுக்குள் செலுத்துகின்றன. நம் மலைகளின் உயரத்திற்கு அது அவ்வளவு அவசியமன்று. பிராணவாயு மிகுந்த இடத்தில் சிறு தீப்பொறியும் பெருநெருப்பாகும். ஆகையால் வீட்டுப் பெட்டியில் இதை முயலவே கூடாது.

உஷ்ணம்

காற்றாடி பொருத்திய பெட்டியில் 99½ முதல் 100 டிகிரி பாரன்ஹீட்டும், காற்றாடி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 102 முதல் 103 டிகிரியும் வைத்தல் வேண்டும். இவ்வளவு மலையிலும் மாறுவதில்லை. மலை குளிர்ச்சியானதென்று உஷ்ணத்தை இதற்கு மேல் உயர்த்தினால் முட்டை மேலும் உலர்ந்து, கரு முடங்கும்.

ஆனால் உஷ்ணத்தை அளக்கும் கருவிகளில் இரண்டு விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, சில பழைய மாதிரிப் பெட்டிகளில் ஈதர் நிரப்பிய உலோகச் சிமிழ் ஒன்று உஷ்ணம் ஏறும்போது விரிந்து சூட்டைத் தணிக்கின்றது. மெலிந்த காற்றில் இச்சிமிழ் முன்னதாகவே விரிந்துவிடும். ஆகவே கீழ்நாட்டில் சரியாகத் திருகி வைக்கப்பட்ட பெட்டி மலைமேல் வேண்டிய உஷ்ணத்தை எட்டாமலே நின்றுவிடும். மலைக்குக் கொண்டுவந்தபின் முட்டை வைக்காமல் இரண்டு நாள் ஓடவிட்டு, திருகைப் புதிதாகச் சரிப்படுத்திய பின்னரே முட்டைகளை வைக்க வேண்டும். மின்னணுக் கருவியால் இயங்கும் தற்காலப் பெட்டிகளுக்கு இக்குறை இல்லையாயினும், அவற்றையும் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தலே விவேகம்.

இரண்டாவது, உஷ்ணமானியைக் கொதிக்கும் நீரில் இட்டுச் சோதிக்கும் வழக்கம் மலைக்குப் பொருந்தாது. கடற்கரையில் 212 டிகிரியில் கொதிக்கும் நீர் உதகமண்டலத்தில் ஏறக்குறைய 199 டிகிரியிலேயே கொதித்துவிடுகின்றது. நல்ல உஷ்ணமானியைப் பிழையென்று எறிந்துவிட இது இடமாகும். ஜுரம் பார்க்கும் உஷ்ணமானியொன்றையும் பெட்டியின் உஷ்ணமானியையும் 100 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் ஒன்றாகப் பிடித்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் போதும்.

மின்சாரம் தடைப்படும் நேரங்களில் பெட்டியைத் திறவாமல், கம்பளியால் போர்த்தி, காற்றுத் துவாரங்களை மட்டும் மூடாமல் விடவேண்டும்.

அடைக்கோழியை நம்புவோர்க்கு

பெட்டி வாங்காமல் நாட்டுக்கோழியைக் கொண்டே அடைவைப்போரும் மேற்கூறியவற்றால் பயனடையலாம். அடைக்கோழியின் வயிற்றிலுள்ள இறகற்ற தோல் முட்டையைச் சூட்டோடும் ஈரத்தோடும் காக்கின்றது. ஆயினும் உலர்ந்த பலகைமேல் வைக்கோல் பரப்பிய கூடையில் முட்டைகள் மலைக்காற்றில் விரைவில் வற்றும். கூடையின் அடியில் நான்கு விரற்கடை உயரம் மண்ணைப் பரப்பி, சிறிது குழித்து, அதன்மேல் வைக்கோலை வைத்தல் வேண்டும். ஒரு நாள்விட்டு ஒரு நாள், கோழி இரைக்கு இறங்கும் சமயத்தில், கூடையின் ஓரத்து மண்ணில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது தெளித்தால் ஈரம் நிற்கும். முட்டைகளின்மேல் நீர் படலாகாது. இடி இடித்தால் கரு கலங்கும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் இடுவது நம் வீடுகளின் வழக்கம். அவற்றை இடுவோர் இடட்டும்; அடியில் ஈரமண்ணையும் மறவாமல் இடுவாராக.

கீழ்நாட்டில் 12 முட்டை வைக்கும் கோழிக்கு, குளிர் மிகுந்த மலையில் 9 அல்லது 10 முட்டைகளே போதும். ஓரத்து முட்டைகள் இரவுக் குளிரில் விறைத்துப்போகாமல் இருப்பதற்கு இது உதவும். இரையும் நீரும் கூடைக்கு அருகிலேயே இருந்தால் கோழி நெடுநேரம் வெளியே திரிய நேராது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடைவைப்பதைத் தவிர்த்து, வெயில் ஏறும் மார்ச்சு மாதக் கடைசி முதல் மே வரையில் அடைவைத்தல் குஞ்சுகளைக் காப்பாற்றுதற்கும் எளிதாகும்.

முட்டைகளும் வமிசமும்

மலையில் பொரிக்க வைக்கும் முட்டை மலையில் இட்ட முட்டையாயிருத்தல் மிக நன்று. ஹெர்மன் ரான் என்பவரும் அவரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் 1977-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியால், உயர்ந்த இடத்தில் வாழும் பறவைகள் இடும் முட்டைகளின் ஓட்டில் துவாரங்களின் மொத்தப் பரப்பு குறைந்திருப்பது தெரிய வந்தது. காற்றின் மெலிவால் அதிகமாக வெளியேறக்கூடிய நீரை, இங்ஙனம் குறுகிய துவாரங்கள் தடுத்து நிறுத்துகின்றன. கீழ்நாட்டிலிருந்து ஒரு நாளில் ஏற்றிவந்த முட்டைக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஆண்டிஸ் மலையிலும் வெண்மலையிலும் கண்ட அனுபவமும் இதனோடு பொருந்துகின்றது.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ முட்டை வாங்கி ஏற்றுவதைக் காட்டிலும், முதல் வருஷம் வளர்ந்த குஞ்சுகளை வாங்கி மலையிலேயே வளர்த்து, அவை இடும் முட்டைகளைப் பொரிக்க வைத்தலே சிக்கனமான வழி. அம்முட்டைகளுள் எந்தப் பேட்டுக்கோழியின் முட்டைகள் அதிகமாகப் பொரித்தன என்று குறித்து வைத்து, அதன் குஞ்சுகளையே அடுத்த வருஷத்துக்குத் தாய்க்கோழிகளாக நிறுத்த வேண்டும். முட்டையின்மேல் பென்சிலால் கோழியின் அடையாளத்தையும் தேதியையும் எழுதினால் இது கைகூடும். நன்றாகப் பொரிக்கும் கோழியைக் கறிக்கு விற்றுவிட்டு, பொரியாத கோழியை வைத்துக்கொள்வது விதைநெல்லை விற்றுப் பதரைச் சேமிப்பதை ஒக்கும்.

கீழிருந்து கொண்டுவருவது தவிர்க்கமுடியாததாயின், ஒரு வாரத்திற்கு மேற்படாத முட்டைகளாகவும், நடுத்தர அளவினவாகவும், ஓடு உறுதியானவையாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். மலைப்பாதையின் குலுக்கலுக்குப் பின் அகன்ற முனை மேலாக ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து, பிறகே அடைவைக்க வேண்டும்.

பொரியாத முட்டைகள் கற்பிப்பவை

மலையில் கரு சற்று மெதுவாக வளர்வதால், இருபத்தொன்றாம் நாள் முடிந்தவுடன் மிஞ்சியவற்றை எறிந்துவிடலாகாது. மேலும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னும் பொரியாதவற்றை உடைத்துப் பார்த்தல் அருவருப்பான வேலையேயாயினும், அடுத்த ஈட்டுக்கு அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. குஞ்சு சிறுத்து, சவ்வு தோல்போல் உலர்ந்து அதன்மேல் ஒட்டியிருந்தால், ஈரம் போதவில்லை. குஞ்சு ஊதி, சுற்றிலும் நீர் தேங்கியிருந்தால், ஈரம் மிஞ்சியது. குஞ்சு முழு வளர்ச்சியுற்று, எடைக்கணக்கும் சரியாயிருந்து, ஓட்டைக் கொத்தாமலே இறந்திருந்தால், கடைசி நாட்களில் காற்றுப் போதவில்லை என்று கருத இடமுண்டு. கருவே இல்லாதிருந்தால், அது மலையின் குற்றமன்று. சேவலைக் கவனிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

மலைக்கிராமங்களில் மகளிர் குழுக்களுக்கோ தனிக் குடியானவர்களுக்கோ பொரிக்கும் பெட்டிகள் வழங்கப்படும்போது, அவற்றோடு வரும் விவரச்சீட்டு கீழ்நாட்டுக் கணக்கைக் கொண்டதாகவே இருக்கும். அதை அப்படியே பின்பற்றியவர் முதல் ஈட்டிலேயே நஷ்டமடைந்து, பெட்டியைத் தூசி படிய மூலையில் போட்டுவிடுவர். அரசாங்கத்தின் பணமும் குடியானவரின் ஊக்கமும் ஒருங்கே வீணாகும். ஆதலால் பெட்டியை ஒப்படைக்கும் நாளிலேயே, அவ்வூரின் உயரத்தையும், அதற்கேற்ற ஈரத்தின் அளவையும், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் நாட்களில் நிற்க வேண்டிய எடையையும் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டச் செய்தல் நலம். ஊருக்கு ஒரு தராசு பொதுவில் இருந்தாலும் போதும். பொரித்த தொகையையும் எடைக்கணக்கையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருமாறு குடியானவர்களைத் தூண்டினால், இரண்டு மூன்று ஈடுகளில் அந்த ஊருக்கு உரிய சரியான முறை அவர்களுக்கே புலப்படும்.

மலைக்காற்றை மாற்ற ஒருவராலும் ஆகாது. ஆனால் தண்ணீர்த் தட்டை அகலப்படுத்தவும், காற்றுத் துவாரத்தைத் திறந்து வைக்கவும், ஆறு நாளுக்கு ஒருமுறை முட்டையை நிறுத்துப் பார்க்கவும், மலையிலே பிறந்த கோழியைத் தாயாக வைத்துக்கொள்ளவும் எவராலும் ஆகும். இந்த நான்கையும் தவறாது செய்யும் குடியானவர் வீட்டில் முட்டைகள் கூமுட்டையாய்க் குப்பைக்குழிக்குப் போவது குறையும். முற்றத்தில் குஞ்சுகள் பெருகும்.